தெரிந்தே புகைப்பவர்களிடம் என்ன பேசுவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் நீங்கள் ஓர் இளம் விரிவுரையாளர். உங்கள் துறை மாணவர்களில் ஒரு கூட்டம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் வெளியே போய்ப் புகைத்துவிட்டு வருகிறது. கருகிப்போன நுரையீரல் படம் போட்டுப் போஸ்டர் ஒட்டினீர்கள். மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தீர்கள். நிர்வாகம் அபராதமும் அறிவித்தது. ஒரு வருடம் ஆகியும் கூட்டம் குறையவில்லை. இடம் மட்டும் பின்பக்கப் படிக்கட்டுக்கு மாறியிருக்கிறது. "இதற்கு மேல் என்னதான் செய்வது?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் படித்தபோது, இன்னும் எதைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று கேட்கிறீர்களோ என நினைத்தேன். இன்னொரு தடவை படித்தபோதுதான், பெரிய அதிகாரம் எதுவும் கையில் இல்லாத ஓர் ஆசிரியர் தனியாளாக என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி என்று பட்டது. அதற்கே பதில் சொல்கிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தில் 14 வருடமாகப் புகைநிறுத்த ஆலோசகராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்து எழுதித் தருவது என் வேலையும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த முயற்சிகள் ஏன் எடுபடவில்லை? புகைக்கிற மாணவர் யாரையாவது கூப்பிட்டு, சிகரெட் உடம்பை என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று நீங்கள் அழைத்து வந்த மருத்துவரைவிட வேகமாக ஒப்பிப்பார். மருத்துவம் படிக்கும் மாணவர்களிலேயே புகைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் எதைப் புதிதாகச் சொல்லித் தரப்போகிறோம்? 20 வயதில் இருப்பவருக்கு, 55 வயதில் வரப்போகிற நோய் வேறு யாருக்கோ வரப்போகிற நோய். எங்கள் வளாகத்தில் ஒருமுறை பெரிய தட்டி ஒன்றில் நுரையீரல் படத்தை வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், காற்றுக்கு மறைவாக இருக்கிறதென்று அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்றுதான் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டிக்கு நிதி கேட்டு அலைந்தவன் நான்தான்.

அதற்காக, இந்த வயதில் பேசிப் பயனில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசவேண்டிய வயதே இதுதான். தினமும் புகைக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய 88 சதவீதம் பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள், 99 சதவீதம் பேர் 26 வயதுக்குள் தொட்டவர்கள் என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2012 அறிக்கை சொல்கிறது. அந்த நாட்டுக் கணக்குதான், ஆனால் அதன் போக்கு மற்ற இடங்களிலும் பெரிதாக மாறுவதில்லை. 26 வரை தொடாமல் இருந்தவர் அதற்குப் பிறகு தொடங்குவது அபூர்வம். நடுவில் இருக்கும் அந்த எட்டு வருடத்தில் பாதி உங்கள் வளாகத்தில்தான் கழிகிறது. சிகரெட்டில் அடிமைப்படுத்தும் பொருள் நிகோடின். உள்ளே இழுத்தால் அது சுமார் 10 வினாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. திட்டமிடுவதையும் அடக்கிக்கொள்வதையும் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. போட்டி சமமாக இல்லை என்பது புரிகிறதல்லவா?

படிக்கட்டில் நிற்கும் எல்லோரையும் ஒரே கும்பலாக நினைத்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிலர் காலையில் கண் விழித்ததும் தேடுகிறவர்கள். பெரும்பாலானவர்கள் 'துணைக்கு' வந்தவர்கள். வார இறுதியில் இரண்டு, தேர்வு நேரத்தில் நாலு, யாராவது நீட்டினால் ஒன்று. இந்த இரண்டாம் வகையினர் தங்களைப் புகைப்பவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எங்கள் மையத்துப் படிவத்தில் முன்பு "நீங்கள் புகைபிடிப்பவரா?" என்று இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்றே வந்தது. அதை "கடந்த 30 நாளில் ஓர் இழுப்பாவது இழுத்தீர்களா?" என்று மாற்றிய பிறகுதான் உண்மை வெளியே வர ஆரம்பித்தது. நீங்களும் கணக்கெடுப்பு நடத்துவதானால் இப்படியே கேளுங்கள்.

'எப்போதாவது' பிடிப்பதில் ஆபத்து இல்லை என்பது அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். இதைப் பற்றி மட்டும் அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நாளுக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, 20 பிடிப்பவரின் இதய நோய் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று யாரும் கணக்குப் போடுவார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது என்கிறது. நுரையீரல் புற்றுநோயில் அளவு கூடக்கூட ஆபத்து கூடும். இதயம் அப்படி விகிதம் பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் 'துணைக்கு வந்தவர்' முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். போஸ்டரில் அது நடக்காது, நேரில்தான் நடக்கும்.

எங்களிடம் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை, அதாவது சிகரெட் புகையோடு உள்ளே போகும் நச்சு வாயுவை, அளக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. 15 வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் ஓர் எண் காட்டும். புகைக்காதவருக்குப் பொதுவாக 6-க்குக் கீழே இருக்கும். ஒரு நாள் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நண்பனுக்குத் துணையாக வந்தார். "நான் பிடிப்பதில்லை சார், சும்மா கூட வந்தேன்" என்றார். சும்மாதானே, நீயும் ஊது தம்பி என்றேன். 11 என்று வந்தது. "மெஷின் ரிப்பேரா சார்?" என்று இன்னொரு தடவை ஊதினார், மறுபடியும் 11. அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். காலையில் ஒன்று, லேபுக்கு முன்னால் ஒன்று, லேபுக்குப் பின்னால் இரண்டு... ஆறு வந்ததும் நிறுத்திவிட்டார். அன்றைக்கு நான் அவருக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. பிடிக்காமல் ஒரு நாள் இருந்துவிட்டு வந்து ஊதிப் பார் என்று மட்டும் சொன்னேன். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாளில் கிட்டத்தட்ட காலியாகிவிடும். இரண்டாம் நாள் 2 என்று காட்டியதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு உடனே கருவி வாங்க ஓடாதீர்கள். இப்படி எண்ணைக் காட்டுவதால் மட்டும் புகைப்பவர்கள் கூடுதலாக நிறுத்துகிறார்கள் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு, அவ்வளவுதான். இன்றைக்கே தெரியும் ஒரு மாற்றத்தை 20 வயதுக்காரர் நம்புகிறார் என்பது என் அனுபவம்.

சரி, நீங்கள் என்ன பேசலாம்? மருத்துவர் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சொல்லும் அறிவுரைக்குக்கூடப் பலன் உண்டு என்பது நிரூபணமானது. சொல்லாமலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் நிறுத்துவார்கள் என்றால், சொல்வதால் இன்னும் ஒன்று முதல் மூன்று பேர் சேர்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் செலவே இல்லாத காரியம். ஆசிரியர் சொன்னாலும் அதே பலன் வருமா என்று அந்த அளவுக்குச் சோதிக்கப்படவில்லை. வரும் என்றே நான் நம்புகிறேன், ஒரு நிபந்தனையோடு: நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது. கூட்டத்தில் சொன்னால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சிகரெட் பக்கம் நின்று வாதாடுவார். தான் வாதாடியதைத் தானே நம்பவும் ஆரம்பிப்பார். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிநோயாளிகளுக்காக எழுதிவைத்த உரையாடல் முறையின் அடிப்படையே இதுதான்: மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லாமல் அவர் வாயிலிருந்து வரவழைப்பது.

நான் வழக்கமாகக் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் சிகரெட்?" நிகோடின் பிடிப்பை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாளில் அதிக எடை உள்ள கேள்விகளில் ஒன்று இது. 5 நிமிடத்துக்குள் என்றால் முழு 3 மதிப்பெண். ஒரு மணி நேரம் தாண்டியும் தேடவில்லை என்றால் பூஜ்யம். இதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, அதனால் பதில் நேர்மையாக வரும். அரை மணிக்குள் என்று சொல்பவருக்கு உங்கள் பேச்சு மட்டும் போதாது. நல மையத்துக்கோ மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். மதியம்வரை தேடாதவருக்கு நிகோடினைவிடக் கூட்டாளிகளும் இடமும்தான் பிரச்சினை.

மருந்து பற்றிச் சுருக்கமாக. புகை இல்லாமல் நிகோடினை மட்டும் தரும் பேட்ச் (தோலில் ஒட்டுவது), சூயிங்கம் போன்றவை நிறுத்தும் வாய்ப்பை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூட்டுகின்றன. பேட்சும் சூயிங்கமும் சேர்த்தால் தனியாக ஒன்றைவிட மேல். வரெனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவை நிறுத்த உதவும் மாத்திரைகள், மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. நாளுக்கு ஒன்றிரண்டு பிடிப்பவருக்கு இவை எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று குறைவு. என் மேஜைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "சூயிங்கம் எனக்கு ஒத்துவரவில்லை, விக்கல் வருகிறது" என்றவர்கள். எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், சாதாரண சூயிங்கம் மாதிரி நிறுத்தாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். வயிற்றுக்குப் போனால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம்.

இப்போது தேர்வு நேரம். "டென்ஷன் குறைகிறது சார்" என்ற வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிகோடினின் அளவு உடம்பில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிறது, எரிச்சலும் பதற்றமும் தலைதூக்குகின்றன, அடுத்த சிகரெட் அதை அடக்குகிறது. செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, கழற்றும்போது கிடைக்கும் சுகம் அது. நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட 2014 மதிப்பாய்வில், நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. ஆனால் அது வாரங்கள் கழித்துக் கிடைக்கும் பலன். முதல் இரண்டு மூன்று நாள் எல்லாமே மோசமாகும், மூன்று நான்கு வாரத்தில் தணியும். எனவே தேர்வுக்கு முந்தின நாள் நிறுத்தச் சொல்லாதீர்கள். செமஸ்டர் தொடங்கும்போது சொல்லுங்கள்.

இதில் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம் காபி. ஒரு மாணவி தேர்வுக்கு நாலு நாள் முன்னால் நிறுத்திவிட்டு வந்து, கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சிகரெட் இல்லாமல் தன்னால் முடியாது என்று அழுதார். நாளுக்கு எத்தனை காபி என்று கேட்டேன். ஐந்து, எப்போதும் அதே ஐந்துதான். சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் என்சைமைத் தூண்டிவிட்டு வைத்திருக்கும். புகைப்பவர் உடம்பில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேறும். நிறுத்திய சில நாளில் அந்த என்சைம் பழைய நிலைக்குத் திரும்பிவிட, குடிப்பது அதே ஐந்து காபிதான், உடம்பில் தங்குவது பத்து காபி அளவுக்கு. இதைச் செய்வது நிகோடின் இல்லை, புகை. அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். காபியைப் பாதியாக்கச் சொன்னேன். இரண்டு நாளில் தூங்கினார். நிறுத்தப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடமும் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகளின் அளவும் இதேபோல் மாறும்.

இன்னும் தொடங்காதவர்களுக்கு வருவோம். மாணவர்கள், தங்களோடு படிப்பவர்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பதை உண்மையைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். படிக்கட்டில் நிற்கும் பத்துப் பேர் கண்ணில் படுகிறார்கள். நூலகத்தில் இருக்கும் நூறு பேர் படுவதில்லை. இது உறுதி. ஆனால் "பெரும்பாலானோர் புகைப்பதில்லை" என்று போஸ்டர் ஒட்டினால் குறையுமா என்றால், முடிவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. எனக்கு அதைவிட நம்பிக்கை உள்ளது வேறொன்று. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய 'ட்ரூத்' பிரசாரம் நோயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, சிகரெட் நிறுவனங்கள் இளைஞர்களை எப்படி ஏமாற்றின என்று பேசியது. இளைஞர் புகைப்பழக்கம் அங்கே குறைந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. செத்துப்போவாய் என்றால் சிரிக்கிற வயதில், உன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்றால் கோபம் வருகிறது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இதில் ஒரு வசதி. 1998-இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டால் சிகரெட் நிறுவனங்களின் உள்சுற்றுக் கடிதங்களும் அறிக்கைகளும் பொதுவெளிக்கு வந்தன. லட்சக்கணக்கான ஆவணங்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் துறை எதுவானாலும், இதில் ஒரு அசைன்மென்ட் தேறும். 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைப் புகைத்தபடி நடக்கவைத்து, அதற்கு 'சுதந்திரத் தீபங்கள்' என்று பெயர் சூட்டியவர் சிகரெட் நிறுவனத்துக்கு வேலை செய்த விளம்பர ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். புகைப்பது தன் சுதந்திரம் என்று வாதிடும் மாணவருக்கு இதைச் சொல்லி வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தேடிப் படித்து எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள்.

அபராதம் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் வளாகம் முழுவதும் தடை என்பது வேறு. இண்டியானா பல்கலைக்கழகம் 2008-இல் அப்படித் தடை கொண்டுவந்தது. தடை இல்லாத பர்டியூ பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டபோது, இண்டியானாவில் புகைப்பவர் விகிதம் இறங்கியிருந்தது, பர்டியூவில் இறங்கவில்லை. இரண்டே வளாகங்களை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் திசை தெரிகிறது. எல்லாவற்றையும்விட வலுவான கருவி வரி. விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு 4, 5 சதவீதம் குறையும், இளைஞர்களிடம் இன்னும் அதிகம். அது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது இடைவேளை. படிக்கட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் போவது பேச்சுக்காக. சீனியர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், புராஜெக்ட் செய்தி அங்கேதான் கிடைக்கிறது. அதே பத்து நிமிடம் உட்கார்ந்து பேச உள்ளே ஓர் இடமும் நாலு நாற்காலியும் இருந்தால், துணைக்குப் போகிறவர்களில் சிலர் போகமாட்டார்கள். இது ஆய்வில் வந்ததில்லை, நான் பார்த்தது.

இ-சிகரெட்டுக்கு மாறலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், அதைப் பயன்படுத்திய பெரியவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், சூயிங்கம் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம். ஆனால் அப்படி வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் இ-சிகரெட்டை விடவில்லை. ஏற்கெனவே சிகரெட்டுக்கு அடிமையானவருக்கு அது ஆபத்தில் ஒரு படி இறக்கம். தொடாதவருக்கு அது ஏற்றம். பல நாடுகளில் விற்பனையே தடை என்பதால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 30 வயதுக்குள் நிறுத்தினால் இழக்கவிருந்த ஆயுளில் ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று, பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 வருடம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004-இல் காட்டியது. நம்பிக்கை ஊட்டுமே என்று இதை ஒரு வகுப்பில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ 29 வரை டைம் இருக்கு சார்." வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போது அந்த ஆய்வை நிறுத்த முயல்கிறவரிடம் மட்டும் சொல்கிறேன். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பது 3 முதல் 5 சதவீதம்தான். 29-இல் ஒரே மூச்சில் விட்டுவிடலாம் என்ற கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

உங்களிடம் வந்து "நாளையிலிருந்து விடுகிறேன் சார்" என்று ஒரே ஒரு மாணவர் சொன்னால் போதும், வேலை தொடங்கிவிட்டது. எல்லாமே மோசமாக இருக்கும் மூன்றாம் நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பிரிட்டனில் கிட்டத்தட்ட 5,800 பேரை வைத்து நடந்த சோதனையில், போனில் வந்த ஊக்கக் குறுஞ்செய்திகள் ஆறு மாத வெற்றியை 4.9 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதத்துக்கு உயர்த்தின. அதில் வந்தவை நன்றாகத் திட்டமிட்ட செய்திகள். உங்கள் ஒற்றை மெசேஜுக்கு அவ்வளவு பலம் இருக்காது. இருந்தாலும் அனுப்புங்கள். பிடித்தாயா, பிடிக்கவில்லையா என்று கேட்க வேண்டாம். பிடித்திருந்தால் அதோடு உங்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வார். "எப்படி இருக்கிறாய்? காபி குறைத்தாயா?" என்று நான் அனுப்புவேன். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பதில் வரும்.